ஆணி இறங்காத சுவர்

அன்புள்ள வசந்தி அம்மணிக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் திதி கொடுத்தோம். எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஒன்றைத் தவிர. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அண்ணன் ஆனைமலையிலிருந்து உன் படத்தைப் பெரிதுபண்ணிக் கொண்டுவந்தார். தங்க நிற ஃபிரேம், சுற்றிலும் மினுங்குகிற சீரியல் பல்பு. கையோடு டிரில்லிங் மெஷினும். நேராக ஹாலுக்கு வந்து உன் சுவரின் நடுவில் பென்சிலால் ஒரு குறி போட்டார்.

உன் சுவர் என்று இப்போது எழுதுகிறேன். நீ இருந்தபோது அதை என்னவெல்லாம் சொன்னேன்? பெருந்துறையில் மேஜை விரிப்பு ஏற்றுமதி செய்கிற கம்பெனியில், நாள் முழுக்க நிற சாம்பிள் பார்க்கிற வேலை உனக்கு. ஒரு தடவை உன்னைப் பெல்ஜியத்துக்கு அனுப்பினார்கள். அங்கே துணி வாங்குகிற அம்மா உன்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அந்த வீட்டில் வெறும் சுவரும் மேஜையும் பெஞ்சும்தானாம். வந்தது வினை.

திரும்பி வந்ததும் கணபதியில் இருக்கும் நம் வீட்டை உரிக்க ஆரம்பித்தாய். ஷோகேஸ் போனது, ஃபால்ஸ் சீலிங் போனது, என் மோட்டார் பட்டறைக்குக் கிடைத்த கேடயங்கள் பரணுக்குப் போயின. மிஞ்சியது ஒரு நீள மேஜை, இரண்டு பெஞ்சு, ஒரு மண் ஜாடி. சுவருக்கு வடித்த கஞ்சி நிறத்தில் சுண்ணாம்புப் பூச்சு.

வந்த சொந்தமெல்லாம் பெயின்ட் எப்போது அடிப்பீர்கள் என்று கேட்டார்கள். வாடகைக்காரன் காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருக்கிறது என்று நானும் சேர்ந்து சிரித்தேன். நீ கோபப்படவில்லை. ஒரே ஒரு தடவை பதில் சொன்னாய்.

"அந்த ஊட்டுல ஒக்காந்திருந்தப்ப என்னைய யாருமே கூப்புடாத மாதிரி இருந்துச்சுங்க. நம்மூட்டுலயும் அப்படி ஒரு எடம் வேணுமுங்க."

அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. வசந்தி சாவி எங்கே, வசந்தி காப்பி, வசந்தி யார் போனில் என்று உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவன் நான்தானே?

உன் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே சுவர். அது துக்கம் விசாரிக்கவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அப்போதுதான் முதல்முதலாக அழுதேன். இப்போது தினமும் கொஞ்ச நேரம் சும்மா உட்காருகிறேன். நீ இருந்தபோது ஒரு நாளாவது உன் பக்கத்தில் இப்படி உட்கார்ந்திருக்கலாம்.

அதனால்தான் உன் அண்ணன் மெஷினை எடுத்ததும், வேண்டாமென்று சொல்லிவிட்டேன். மச்சான் முகம் சுருங்கிவிட்டது.

"எங்க அம்மணிக்கு ஒரு ஆணி அடிக்க எடமில்லீங்களா, மாப்ள?"

செத்த மனைவிக்குப் படம் மாட்டாத புருஷனை நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். உனக்குப் பிடிக்காது என்று மட்டும் சொன்னேன். அவர் இலையில் உட்காராமலே படத்தோடு கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனைமலைக்குப் போனேன். பொம்மைகள் நிறைந்த அவர் ஷோகேஸுக்கு மேலே நீ மினுங்கிக்கொண்டிருக்கிறாய். மச்சான் காப்பி கொடுத்தார். அந்தப் பல்பை மட்டுமாவது அணைக்கச் சொல்லலாமா? கேட்கத் தைரியம் வரவில்லை.

பென்சில் குறி சுவரில் அப்படியே இருக்கிறது. சுண்ணாம்பைத் தேய்த்தால் அந்த இடம் தனியாகப் பளபளக்கும் என்று நீ சொல்லியிருக்கிறாய். இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்குப் பிறகு என் படத்தையும் அங்கே மாட்டக்கூடாது என்று நம் மகளிடம் சொன்னேன். அப்புறம் உங்கள் இரண்டு பேரையும் எங்கே பார்ப்பது என்று கேட்டாள். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் காட்டினேன். வந்து உட்கார்ந்தாள், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு.

இந்தச் சுவரில் ஆணி இறங்காது, அம்மணி. நீ பாட்டுக்கு உட்கார்ந்திரு. இனி நான் கூப்பிட மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
நடராஜ்