பதினைந்தாம் தேதிக்கு எடுத்து வைத்த செய்தி

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையிலிருந்து மழை. கழக்கூட்டம் ஜங்ஷனில் பஸ் நகரவே இல்லை. ஆபீஸுக்கு அரை மணி லேட்.

வித்துராவுக்கு மேலே, தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், எடுத்த செய்தி முடிந்தது. அங்கே வேலை செய்யும் செல்வியின் வீட்டுப் பின்சுவரில் கை நுழையும் விரிசல். போட்டோ நன்றாக வந்திருக்கிறது. இன்றே போட்டிருக்கலாம்.

மீட்டிங். நம் செய்தித் தளத்தின் சுதந்திர தினப் பக்கம். வாழ்த்துப் படங்கள், கொடியேற்றம் லைவ், க்விஸ், ஆஃபர் பட்டியல். எடிட்டர் ராஜீவ்: "கண்ணு நெறையற மாதிரி ஒண்ணு வேணும் சேச்சி. அன்னிக்குத்தான் சைட்ல ஆளு கேறும், பரஸ்யமும் கிட்டும்." விளம்பரத்தைச் சொல்கிறார். யாரும் கேட்காமலே நான் சொன்னேன், லயம் ஸ்டோரியைப் பதினஞ்சுக்கு வைக்கலாம் என்று. தலைப்பும் நானே. 'சுதந்திரம் ஏறாத மலை'. கை தட்டினார்கள். சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஆக. 10, ஞாயிறு

துணி காயவில்லை. தோசை மாவு, மழைக்கோட்டு ஜிப், அம்மாவுக்கு மாத்திரை.

செல்வி போன். "அக்கா, வந்துட்டா? பஞ்சாயத்து மெம்பர்கிட்ட காட்டணும். நியூஸ்ல வந்தா வந்து பாக்கேன்னாரு."

"வேலை நடக்குது செல்வி."

"செவரு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது அக்கா, மாசமா இருக்கவ மாதிரி." சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வேலை ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளியே முடிந்தது.

ஆக. 12, செவ்வாய்

அந்தச் செய்திக்கு சிமெண்ட் விளம்பரம் கிடைத்துவிட்டது. விளம்பரப் பிரிவு அனுவுக்குத் தலைகால் புரியவில்லை. "வீடு, சுவரு, எல்லாம் மேட்ச் ஆவுது சேச்சி! இனி தேதி மாத்தண்டா, கேட்டோ."

முன்னாலேயே போடலாமா என்று ராஜீவிடம் கேட்க எழுந்தேன். போனில் இருந்தார். உட்கார்ந்தேன். மறுபடி எழவில்லை.

ஆக. 14, வியாழன்

காலை ஏழு மணிக்குச் சுவர் விழுந்துவிட்டது. செல்வி அடுப்படியில். மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். வலது கை இரண்டு இடத்தில் முறிவு. கொழுந்து கிள்ளும் கை.

ராஜீவிடம் சொன்னேன். "கஷ்டம்." பிறகு, "அப்டேட் பண்ணிடலாம் சேச்சி. நாளைக்கு இதுதான் மேல போகும்."

அப்டேட் செய்தேன். பத்து நிமிட வேலை.

ஆக. 15, வெள்ளி

வெயில். அனு மூவர்ணத்தில் சேலை, எல்லோருக்கும் லட்டு. நானும் தின்றேன். எங்கள் செய்திதான் முதலிடம். விழுந்த சுவரின் போட்டோவுக்கு நேர்கீழே சிமெண்ட் மூட்டை, தேசியக் கொடி.

மத்தியானமே அதிகாரிகள் லயத்துக்குப் போய்விட்டார்களாம். எட்டாம் தேதி போட்டிருந்தால் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள் என்கிறார் ராஜீவ். இருக்கலாம். மெம்பர் ஒருவர் பார்த்தால் போதும் என்றுதான் செல்வி கேட்டாள்.

ஆக. 16, சனி

ஆஸ்பத்திரி, எலும்பு வார்டு. ஆரஞ்சு வாங்கிப் போனேன். செல்வி இடது கையால் போனைத் தூக்கிப் பக்கத்துப் படுக்கைக்காரிக்குக் காட்டினாள். "இந்த அக்காதான் எழுதினது. நாட்டுல எல்லாரும் பாத்துட்டாங்க."

சொல்லிவிடத்தான் போயிருந்தேன். "செல்வி, அது முன்னாடியே ரெடியா இருந்துச்சு..."

"எனக்குத் தெரியாதாக்கா? நீங்க பாவம், என்ன செய்வீங்க. ஆபீஸ்ல விட்டிருக்க மாட்டாங்க, அல்லே?"

ஆமா என்றேன்.