மினுக்கு இல்லாத சிவப்பு

மே 26, ஞாயிறு

பத்து மணிக்கு வந்தாள், ஐந்து மணிக்குப் போனாள். டிவி நாலு மணி நேரம், சாப்பாடு அரை மணி, மிச்சமெல்லாம் ஜன்னல். என் பெண் என் வீட்டு ஜன்னலை மனப்பாடம் செய்துவிட்டாள். நானும் சும்மா இல்லை. ஃபேனைக் கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேன்தான்.

திரும்பக் கொண்டுபோய் விட்டபோது அவள் அம்மா வாசலிலேயே சொன்னாள்: "செப்டம்பர்ல இவளுக்குப் பதினொண்ணு முடியுது. அப்புறம் வாராவாரம் வர இஷ்டமான்னு இவகிட்டயே கேட்டுடலாம். இவ சொல்றதுதான்."

பிரிந்தபோது வக்கீல் முன்னால் எழுதிக்கொண்டதில் இந்த வரியும் இருந்தது. கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

செப்டம்பருக்கு இன்னும் மூன்று மாதம். எனக்குப் போட்டி ஒரு ஜன்னல்.

ஜூன் 2, ஞாயிறு

ஒரு அதிசயம். பொம்மை மாடல் விற்கிற கடையைத் தாண்டும்போது வாண்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ரிமோட்டில் ஓடுகிற டாங்கி, துண்டு துண்டாக வாங்கி நாமே கட்டுவது. "அப்பா, இதை நீயும் நானும் செய்யலாமா?"

நீயும் நானும். எவ்வளவு நாளாயிற்று இந்தச் சொல்லைக் கேட்டு.

கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று, திறந்தவுடனே ஓடும். புகை விடும், சத்தம் போடும், கட்ட ஒன்றும் இல்லை. அடுத்தது பெரிசு, இரும்புச் செயின், அறுநூறு துண்டு, பார்த்ததும் கை ஊறியது. மூன்றாவது சின்னது, எல்லாம் பிளாஸ்டிக், குட்டையாக ஒரு பீரங்கி. வாண்டு அதைத்தான் தொட்டாள். "இதோட மூஞ்சி பாவமா இருக்கு."

மூஞ்சியைப் பார்த்தா இயந்திரம் வாங்குவார்கள்? நான் பெரிய பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். "முதல் வண்டிக்குச் சின்னதுதான் சார் சரி. பெரிசை எடுத்தா அப்பாதான் செய்வாரு, பிள்ளை வேடிக்கை பாக்கும்."

அந்த ஆளுக்கு என்னை முன்னே பின்னே தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 5, புதன்

சாப்பாட்டு இடைவேளையில், பதினாலாவது மாடிக்கு மேலே லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து கட்டம் போட்டு ஒப்பிட்டேன். எடை, மோட்டார், செயின், ஆயுள். எந்தக் கணக்கிலும் பெரியதுதான் ஜெயிக்கிறது. 'பாவமான மூஞ்சி'க்கு என் கட்டத்தில் இடம் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

சின்னதையே வாங்கினேன். என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன், வேறு யார் மெச்சப் போகிறார்கள்.

சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து ஆரம்பித்தோம். அவளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது: டாங்கிக்கு ஸ்டீயரிங் கிடையாது. இரண்டு பக்கச் சக்கரமும் ஒரே மாதிரி சுழன்றால் நேராகப் போகும். ஒரு பக்கம் தடையில்லாமல் லேசாக ஓடினால் வண்டி மறுபக்கம் இழுக்கும்.

இரண்டாவது, எங்கள் லிஃப்ட் மெக்கானிக் தொழில் ரகசியம். போல்ட்டை முறுக்கி முடித்ததும் போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரைக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போடுவோம். அடுத்த தடவை வந்து பார்க்கும்போது கோடு நேராக இருந்தால் யாரும் தொடவில்லை. கோடு முறிந்திருந்தால் தானாகக் கழன்றிருக்கிறது, இல்லை எவனோ கை வைத்திருக்கிறான். ஆயிரம் பேர் ஏறி இறங்குகிற பெட்டி அந்தக் கோட்டை நம்பித்தான் தொங்குகிறது.

கண்ணை விரித்துக் கேட்டாள். "அப்ப கோடு பொய் சொல்லாதா?"

"சொல்லாது."

அவளே ஆறு ஸ்குரூ முறுக்கினாள். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூன் 10, திங்கள்

ஆறில் மூன்று கோணல். ஒன்றில் மரை போய்விட்டது. சும்மா பார்க்கத்தான் எடுத்தேன். சரி செய்துவிட்டேன். அவளுக்குத் தெரியப்போவதில்லை.

ஜூன் 16, ஞாயிறு

கியர் பெட்டியை அவளே மூடினாள். நாக்கைத் துருத்திக்கொண்டு வேலை செய்கிறாள், அப்படியே என் அம்மா. அவள் அம்மாவின் நெயில் பாலிஷைப் பையில் கொண்டுவந்து, நான் சொன்னபடியே ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் சிவப்புக் கோடு போட்டாள். பதினாலு கோடு. என் பெண்ணடா என்று இருந்தது.

ஜூன் 18, செவ்வாய்

கியர் பெட்டி கரகரவென்கிறது. ஒரு பல்சக்கரத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறாள்.

கழற்றினால் கோடு முறியும்.

ஜூன் 20, வியாழன்

கழற்றினேன். வேறென்ன செய்வது, அப்படியே விட்டால் ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும். பழைய கோடுகளைத் தின்னர் தொட்டுத் துடைத்தேன். சரியாக முறுக்கினேன். என் சிவப்புப் பெயிண்ட் பேனாவால் அதே இடத்தில் அதே நீளத்தில் பதினாலு கோடு. அச்சு அசல்.

ஜூன் 23, ஞாயிறு

வாண்டுக்குக் காய்ச்சல், வரவில்லை. எட்டுச் சக்கரங்களிலும் மலிவான பிளாஸ்டிக் வளையங்கள் இருந்தன. எடுத்துவிட்டு எட்டு இரும்பு பேரிங் போட்டேன். சக்கரங்களின் பிளாஸ்டிக் ஸ்குரூக்களையும் இரும்பாக மாற்றினேன். செயினைப் பிரித்துப் புதுக் கண்ணிகள் போட்டுக் கோத்தேன். இப்போது வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. பழையதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்டி வைத்தேன். எதையும் எறிகிற பழக்கம் எனக்கு இல்லை.

சந்தோஷமான ஞாயிறு என்று எழுதப் போனேன். அவள் வராத ஞாயிறு.

ஜூலை 7, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும்.

வண்டியை ஹாலில் விட்டோம். அம்பு மாதிரி நேராகப் போனது. ஒரே ஒரு தடவை கை தட்டினாள். பிறகு வண்டியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல மினுக்கு இல்லை."

"என்ன மினுக்கு?"

"அம்மாவோட நெயில் பாலிஷ்ல மினுக்கு இருக்கும். இது உன் பேனா."

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்; பிடித்தவள் பத்து வயதுப் பெண்.

"எல்லாத்தையும் கழட்டினியா?"

"ரெண்டு மூணுதான்மா."

விரலை வைத்து எண்ணினாள். "பதினாலு."

"கோணலா இருந்துச்சு கண்ணு. அப்படியே விட்டா கியர் தேஞ்சுடும்."

"தேயட்டும்."

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அழவில்லை. ஐந்து மணி வரைக்கும் ஜன்னல்.

ஜூலை 8, திங்கள்

நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? ஒரு பல்சக்கரம் தலைகீழா இருந்தது, திருப்பி வெச்சேன். அதுக்கு இந்தப் பார்வையா? எந்த அப்பன் செய்வான் இவ்வளவு? வேலைக்கு நடுவுல உக்காந்து, கண்ணு நோக நோக —

சரி. சும்மா இரு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பராமரிப்பு வேலையில் ஒருத்தன் போல்ட்டை முறுக்காமலே கோடு மட்டும் போட்டு வைத்திருந்தான். நான்தான் கண்டுபிடித்தேன், நான்தான் எழுதிக் கொடுத்தேன், அவன் வேலை போயிற்று. அவன் கெஞ்சியபோது நான் சொன்னது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது: "முறுக்காதது தப்பு. கோடு போட்டது துரோகம்." அப்போது எனக்கு நாக்கு நீளம்.

அவள் அம்மா மடித்த போர்வையை நான் பிரித்து மறுபடி மடிப்பேன். அவள் கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுவேன். கடைசி வருஷம் ஒருநாள் சொன்னாள்: "இந்த வீட்ல நான் எதைத் தொட்டாலும் பின்னாலயே வந்து துடைக்கறீங்க. ஒருநாள் என்னையும் துடைச்சுடுவீங்க." போர்வை நிஜமாகவே கோணலாகத்தான் இருந்தது என்று பதில் சொன்னேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு இரண்டு பேர் கண்ணாடி பிடித்துக் காட்டிவிட்டார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

காலிப் பையோடு வந்தாள். "வண்டியை நான் எடுத்துட்டுப் போகட்டுமா? நீங்க குடுப்பீங்களா?"

நீங்க. பிறந்ததிலிருந்து 'நீ' என்று அழைத்த வாய். இன்றைக்கு முழுக்க 'நீங்க'தான். ஆபீசில் மேலதிகாரிகூட என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

"பழசெல்லாம் எங்க இருக்கு?"

டப்பாவைக் கொடுத்தேன். ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டுப் பைக்குள் வைத்தாள்.

ஜூலை 21, ஞாயிறு

தலைவலியாம்.

ஜூலை 28, ஞாயிறு

பரீட்சையாம். ஞாயிற்றுக்கிழமையில்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

போன வாரமும் இல்லை, இந்த வாரமும் இல்லை. போன் செய்தேன். கண்ணாடிக்காரர் எடுத்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர், போன வருஷம் அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டவர். என்னிடம் எப்போதும் பணிவாகத்தான் பேசுவார். அதுவே எரிச்சல்.

"வாண்டு வேலையா இருக்காங்க. வண்டியை முழுசாப் பிரிச்சுப் போட்டு, முதல்லேருந்து பண்றாங்க."

"கியர்ல ஒரு பல்சக்கரம் திரும்பியிருக்கும். பாத்துச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதுங்க. நான் டார்ச் பிடிக்கறதோட சரி. தொட்டா கடிக்கறாங்க." சிரித்தார்.

அதிலிருந்து இதே நினைப்புதான். நாள் முழுக்க கடுகளவு ஸ்குரூவோடு மாரடிக்கிற மனிதர். என்னைவிடச் சின்ன ஸ்குரூடிரைவர் வைத்திருப்பார், என்னைவிட நிதானமான கை. கண்ணெதிரே ஒரு பிள்ளை தப்புத்தப்பாக முறுக்குகிறது. அந்தக் கையில் டார்ச்சை மட்டும் பிடித்துக்கொண்டு எப்படி நிற்க முடிகிறது?

என்னால் முடியாது. வெறும் டார்ச்தான். என்னால் முடியவே முடியாது.

செப்டம்பர் 8, ஞாயிறு

பதினொன்று முடிந்தது. அவள் அம்மா போனில் சொன்னாள்: "மாசத்துக்கு ஒரு தடவை போதுமாம்."

"நீதான் சொல்லிக் குடுத்திருப்பே."

"இல்லை. வாராவாரம் போயேன்டின்னுதான் சொன்னேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நிஜமாத்தான் சொன்னேன்."

குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை. பரிதாபப்பட்டாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இந்த மாதத்து ஞாயிறு. கூட்டிவரப் போனேன். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலில் நின்றபோது, உள்ளேயிருந்து டாங்கி வந்தது. கரகரவென்று, காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி சத்தம். அந்தப் பாவமான மூஞ்சிக்கு ஒரு பக்கம் மட்டும் பச்சை அடித்திருந்தாள். நேராகவும் வரவில்லை. நாலடி வருவதற்குள் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ரிமோட்டில் திருத்தித் திருத்தி ஓட்டினாள்.

"ஏன் இழுக்குதுன்னே தெரியலை," என்றார் கண்ணாடிக்காரர், டீயைக் கையில் வைத்துக்கொண்டு. தெரியாததில் அந்த ஆளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் இரண்டு கையும் பேண்ட் பாக்கெட்டில் இருந்தன. வாண்டு அந்தப் பாக்கெட்டுகளைத்தான் பார்த்தாள். பிறகு வண்டியைத் தூக்கி, கவிழ்த்து, என் முன்னால் நீட்டினாள்.

"பாக்கறீங்களா?"

அடியெல்லாம் சிவப்புக் கோடு. வெயில் பட்டு மினுமினுத்தது. ஒன்றுகூட முறியவில்லை.

"வேண்டாம்மா. நல்லா ஓடுது."

நம்பவில்லை. ஆனால் வண்டியைப் பையில் எடுத்துக்கொண்டு வந்தாள். ஏழு மணி நேரமும் என் ஹாலில் ஓட்டினாள், இடது சுவரில் எட்டுப் பத்துத் தடவை மோதினாள். சுவரில் கீறல். நான் ஃபேனைக் கழற்றவில்லை. ஐந்து மணிக்குக் கிளம்பும்போது பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

செப்டம்பர் 16, திங்கள்

மோட்டார் அறையில் உட்கார்ந்து பிரித்தேன். மேலே அவள் கையெழுத்து: 'அப்பா போட்டது. எல்லாம் இருக்கு.'

நான் மாற்றிய ஸ்குரூக்கள். நான் கோத்த செயினின் கண்ணிகள். ஒவ்வொன்றையும் துடைத்து வைத்திருந்தாள். ஜூன் மாதம் முழுக்க நான் செய்ததெல்லாம் ஒரு பொட்டலத்துக்குள் அடங்கிவிட்டது. கோபமாகக் கசக்கி எறிந்திருந்தால்கூடப் பரவாயில்லை, இவ்வளவு நேர்த்தியாகத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டாம். அந்த நேர்த்தி யாரிடம் வந்தது என்று கேட்கவே வேண்டாம்.

பழக்க தோஷம், எண்ணினேன். பேரிங் எட்டு வர வேண்டும். ஏழு இருந்தது.

பொட்டலத்தை உதறிப் பார்த்தேன். தரையில் தேடினேன். மறுபடி எண்ணினேன். ஏழு.

எட்டாவது இன்னும் வண்டியிலேயே இருக்கிறது; வலது பக்கம் ஒரே ஒரு சக்கரம் மட்டும் லேசாகச் சுழல்கிறது. அதனால்தான் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. கழற்ற வராமல் விட்டாளா, மறந்தாளா, வேண்டுமென்றே வைத்துக்கொண்டாளா, தெரியவில்லை.

அவள் வரும் அடுத்த ஞாயிறு அக்டோபர் 20. கேட்க மாட்டேன்.