உன் பக்கத்துச் சத்தம்

நேற்று வெள்ளவத்தையில் வைத்து என் மானம் போனது, மச்சான். மகளுக்குக் காதில் மாட்டுகிற பட்ஸ் வாங்கப் போயிருந்தோம். அவள் இப்போது களனிக் கம்பஸுக்குப் போய் வருகிறாள். பஸ்ஸில் பாடம் கேட்டுக்கொண்டு போக வேண்டுமாம். காலி வீதிக் கடையில் நின்ற பெண், வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வராத வகை என்று சொல்லி இரண்டையும் என்னிடம் தந்தாள். இரண்டு காதிலும் வைத்தேன். கடை ஊமையாகிவிட்டது. மகள் விலைத்துண்டைக் காட்டி வாயசைத்தாள். அவளுக்கு மட்டும் கேட்கட்டும் என்று நானும் காதோடு காதாகத்தான் பதில் சொன்னேன். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தக் காசுக்கு உன்ட அம்மாவுக்கு முன்பல்லு ரெண்டும் கட்டலாம்!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மகள் என் காதிலிருந்து இரண்டையும் பிடுங்கி எடுத்தாள். "ஐயோ அப்பா, கத்தாதீங்கோ! அம்மாட பல்லுக் கதை இனித் தெஹிவளை வரைக்கும் போயிடும்."

நீ நின்றிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். பிறகு ஒரு மாதத்துக்கு என் மனைவியைக் கண்ட இடமெல்லாம் பல் எப்படி என்று கேட்டிருப்பாய்.

கடைப் பெண் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு இன்னொரு சோடியைத் துடைத்துத் தந்தாள். அந்த மணம் என்னை நேராகக் கொண்டுபோய்ப் புறக்கோட்டையில், காதில் மாட்டுகிற சாமானை இப்படியே துடைத்து விற்கிற நம் நானாவின் கடையில் விட்டது. கை தன்பாட்டில் வேலை செய்தது. ஒன்றை என் இடது காதில் வைத்தேன். மற்றதை இடது பக்கம் நீட்டினேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. மகள் அதைப் பார்த்துவிட்டுச் சுற்றி வந்து, வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு நல்லாக் கேக்குது. உங்கட பக்கம் எப்பிடியப்பா?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். அவளுக்கு "ம்" என்று மட்டும் சொன்னேன்.

பதினொரு வருடம், மச்சான். கொட்டாஞ்சேனையில் ஏறினால் இரத்மலானையில் இறக்கம். பெயின்ற் தொழிற்சாலையில் நீ கலவைப் பகுதி, நான் ஸ்டோர்ஸ். போக ஒன்றரை மணித்தியாலம், வர இரண்டு. என் ஃபோன், ஒரேயொரு கம்பி ஹேண்ட்ஸ்ஃப்ரீ, ஆளுக்கு ஒரு காது. எப்போதும் இடப்பக்கத்து இரட்டை ஆசனம்; யன்னல் உனக்கு. கம்பியின் நீளத்துக்கு உன் வலது காதும் என் இடது காதும்தான் எட்டும். ஆர் எழுத்துப் போட்டது உனக்கு, எல் எழுத்துப் போட்டது எனக்கு. ஒருநாளும் நாங்கள் மாற்றிப் போட்டதில்லை. மாற்ற வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

அதனால் வந்த சண்டைகளை நினைத்துப் பார். பழைய பாட்டுகளில் சிலவற்றில் பாடுகிறவர் ஒரு பக்கம், வாத்தியம் மறுபக்கம். அது எங்களுக்குத் தெரியாது. அந்தப் பாட்டில் வயலினே இல்லை என்று நீ சத்தியம் செய்வாய். பாதிப் பாட்டு வரைக்கும் ஆள் வாயே திறப்பதில்லை என்று நான் நிற்பேன். கொள்ளுப்பிட்டியில் தொடங்கினால் கல்கிசை வரை போகும். கடைசியில் நானாதான் பிரச்சினையைத் தீர்த்து வைத்தார்.

"ஒரு பாட்ட ரெண்டாக் கிழிச்சு ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டு, எண்ட கடையில வந்து சண்டை பிடிக்கிறீங்களே! ஒராளாவது முழுப் பாட்டக் கேளுங்களேன்."

கேட்டோமா? இல்லை. அடுத்த திங்கட்கிழமையும் அதே ஆசனம், அதே காது.

சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டவன் நான். ஆனால் ஹேண்ட்ஸ்ஃப்ரீ விஷயத்தில் தொழிற்சாலை முழுவதற்கும் நான்தான் நிபுணர். "பேஸ் கூடிப் போச்சு" என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்வேன்; பேஸ் என்றால் என்னவென்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. நம் பரீட்சை மூன்று. சத்தத்துக்கு அந்த வயலின் பாட்டு. இறுக்கத்துக்கு, பம்பலப்பிட்டியில் டிரைவர் பிரேக் போடும்போது கழன்று விழாமல் இருக்க வேண்டும். சுகத்துக்குக் கடலை. மாட்டிக்கொண்டு ஒரு கடதாசிச் சரை கடலை மென்று முடிக்கும்வரை காது நோகக் கூடாது. கடலைப் பரீட்சை உன் கண்டுபிடிப்பு. நானாவின் கண்ணாடிப் பெட்டியின் மேல் நீ கடலைத் தோல் கொட்டி வாங்கிய ஏச்சு கொஞ்சமா?

பிறகு ஒரு மழைக்காலம். கோட்டையில் பஸ் நிற்கும்போது நீ காதைத் தட்டிக்கொண்டு சொன்னாய்.

"மச்சான், என்ட பக்கம் சத்தம் குறைவு. தண்ணிக்குள்ள இருந்து கேக்கிற மாதிரி."

நிபுணர் உடனே கண்டுபிடித்துவிட்டார்: ரப்பர் அளவு பிழை. நடு அளவைக் கழற்றிப் பெரியதைப் போட்டோம். சரிவரவில்லை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து நேரே நானாவிடம் போய் வேறொன்று வாங்கினோம். அதுவும் உன் பக்கம் மந்தம். அதைக் கொடுத்துவிட்டு இன்னொன்று. நானா முகம் கோணாமல் மாற்றித் தருவார். ஆனால் இன்னொருவர் காதில் போனதைத் தன் காதில் வைத்துப் பார்க்கமாட்டார். அதனால் அவருக்கும் தெரியவில்லை. "இப்ப வாற சாமான் எல்லாம் ஒரு பக்கம்தான் உருப்படியா இருக்கும்" என்று நான் தீர்ப்பு எழுதினேன். நீ தலையாட்டினாய். என் தீர்ப்பில் உனக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

அடுத்தது கடலை. "கடிக்கேக்க இந்தப் பக்கம் நோகுது மச்சான், ரப்பர் பெரிசு போல" என்றாய். வலது பக்கத்தால் மெல்லுவதை விட்டுவிட்டாய். நான் அதற்கும் புள்ளி போட்டேன்: சத்தம் பரவாயில்லை, இறுக்கம் நல்லது, சுகம் போதாது. மனிதன் கடலை மெல்ல முடியாமல் இருக்கிறான். நான் ரப்பருக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் மற்றக் காது நன்றாகத்தானே கேட்டது. வீட்டில் வித்தியாசம் தெரியவில்லை, வேலையிலும் தெரியவில்லை. உன் வலது காதைத் தனியாகப் பிரித்துச் சோதித்துக்கொண்டிருந்தது உலகத்தில் நம் ஹேண்ட்ஸ்ஃப்ரீ ஒன்றுதான். அது ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டே இருந்தது. நாங்கள், உண்மையைச் சொன்ன சாமானைக் குப்பை என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு சாமான் வாங்கினோம்.

இனி எழுதப்போவதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

நான்காவது ஹேண்ட்ஸ்ஃப்ரீ வாங்கி ஒரு கிழமை இருக்கும். பின்னேரம், வீடு திரும்பும் பஸ். யன்னலில் தலை சாய்த்து நித்திரையாகிவிட்டாய். தெஹிவளைப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது உன் பக்கத்துத் துண்டு கழன்று உன் சேர்ட்டில் விழுந்தது. எடுத்து உன் காதில் வைக்கத்தான் போனேன். என்ன தோன்றியதோ, துடைத்து என் வலது காதில் வைத்தேன்.

வயலின் பாட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது. பாடுகிறவரின் குரல் பளிச்சென்று வந்தது. மந்தமும் இல்லை, தண்ணீரும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு. உண்மையை எழுதுகிறேன், மச்சான்: முதல் ஒரு நிமிடம் நான் பயப்படவில்லை, சந்தோஷப்பட்டேன். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பாட்டை முழுதாகக் கேட்கிறேன் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அதன் பிறகுதான் உறைத்தது: பிழை சாமானில் இல்லை. திரும்பி உன் காதைப் பார்த்தேன். வெளியில் ஒன்றும் இல்லை. எப்போதும் போல ஒரு காது, மடலில் சவரம் தவறிய இரண்டு மயிர்.

வெள்ளவத்தை மார்க்கெட்டடியில் விழித்துவிட்டாய். என் காதில் இரண்டும் இருப்பதைக் கண்டாய்.

"என்ன, போட்டுப் பாத்தியா? செத்துட்டுதென்ன என்ட பக்கம்?"

"ஓம் மச்சான். இதுவும் குப்பை. சனிக்கிழமை நானாட்டப் போவம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? இரண்டு வருடமாக யோசிக்கிறேன். காதுக் குடும்பி, வெறும் அழுக்கு அடைத்திருக்கும் என்று நினைத்தேன். வயது போகிறது, கலவை மெஷின் இரைச்சல் வேறு, யாருக்குத்தான் காது மந்தமாகாது என்று நினைத்தேன். நித்திரையால் எழும்பியவனிடம் சொல்லி ஏன் பயப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். எல்லாம் நல்ல நியாயங்கள்தான். அவற்றுக்கு அடியில் இன்னொன்று கிடந்தது; அதை எழுதக் கை கூசுகிறது. பிழை காதில் என்றால் அது டாக்டருடைய விஷயம். பிழை ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் என்றால் அது என்னுடைய விஷயம். சனிக்கிழமை, புறக்கோட்டை, நானாவின் ஏச்சு, பிறகு ஆளுக்கொரு கோப்பை பிளேன்ரீ. நான் பெரிய ஆளாக இருந்த ஒரே இடம் அதுதான்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் போனது. சவரம் செய்யும்போது கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. உன் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மூக்குக்குப் பின்னால் ஒரு வளர்த்தி. அது காதுக்குப் போகும் வழியை அடைத்திருக்கிறது. இந்த நோய் பலருக்கு ஒரு பக்கக் காது மந்தத்தில்தான் தொடங்கும் என்று டாக்டர் சொன்னாராம். இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்றும் சொன்னாராம். ஃபோனில் அவள் இதைச் சொன்னபோது நான் ஸ்டோர்ஸில் பெயின்ற் ரின்களுக்கு நடுவில் நின்றேன். "ஆ" என்றேன்.

பிறகு மகரகமை, புற்றுநோய் வார்டு. கதிர் வைத்து உன் கழுத்துத் தோல் கறுத்துப் போயிருந்தது. எச்சில் விழுங்கவே முகம் சுருங்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது ஹேண்ட்ஸ்ஃப்ரீயைக் கொண்டு வந்தேன். வலது காது முற்றாக அடைத்துவிட்டதால் கட்டிலின் மற்றப் பக்கம் கதிரையைப் போட்டு, எல் எழுத்துப் போட்டதை உன் இடது காதில் வைத்துவிட்டேன். நீ கண்ணை மூடிக் கேட்டாய். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். குரல் காற்றாகத்தான் வந்தது.

"அட, இந்தப் பாட்டில வயலின் இருக்குது மச்சான்."

"நான் சொல்லேல்லயா?"

"சொன்னாய், சொன்னாய்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். "பாவம் நானா. நாலு நல்ல சாமானையும் குப்பை எண்டு திருப்பிக் குடுத்தம். பிழை என்னிலதான் இருந்திருக்குது. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

சிரித்தாய். நோகும் என்பதற்காக வாயைத் திறக்காமல் சிரித்தாய்.

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். வார்டில் சத்தமும் இல்லை. உன் நல்ல காது என் பக்கம் இருந்தது. நான் அந்தக் காதில் ரப்பரைச் சரிசெய்துவிட்டு, "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன்.

மூன்றாவது ஞாயிறு உன் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

மாதம்பிட்டியில் உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்து உன் வீட்டில் இருந்தோம். உன் மனைவி பிளேன்ரீ கொண்டு வந்து தந்தாள். குற்றம் சொல்கிற குரலில் கேட்கவில்லை. களைத்துப்போன குரலில்தான் கேட்டாள்.

"அண்ணே, பதினொரு வருஷம் அவர்ட அந்தக் காதுப் பக்கமாத்தானே இருந்து போய் வந்தீங்க. உங்களுக்கு ஒண்டும் தெரியல்லயா?"

"இல்லம்மா. தெரியல்ல."

பிளேன்ரீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

நேற்று மகளுக்கு ஒரு சோடி வாங்கிக் கொடுத்தேன். அதற்கு முன் அவளை நான் படுத்திய பாட்டில் கடைப் பெண்ணே களைத்துவிட்டாள். இரண்டு காதிலும் தனித்தனியாகக் கேட்கச் சொன்னேன். வலதை அடைத்து இடதில், இடதை அடைத்து வலதில். "ரெண்டும் ஒரே மாதிரியா? வடிவாக் கேட்டுச் சொல்லு." ஐந்தாறு தடவை கேட்டிருப்பேன். "அப்பாவுக்கு விசர்" என்றாள். இன்று காலை அவள் பஸ்ஸுக்கு இறங்கும்போதும் கேட்டேன். நாளைக்கும் கேட்பேன். அவளுக்குக் காரணம் தெரியாது. பாட்டுக் கேட்பதென்றால் நான் இன்னமும் இடது காதில் மட்டும்தான் மாட்டுகிறேன்; வயலின் மட்டும் வரும். குரல் இல்லாமலே கேட்டுப் பழகிவிட்டேன்.

வெள்ளவத்தை மார்க்கெட்டடியில் நீ கண் விழித்துக் கேட்டாயே, அப்போது என் நாக்கு நுனியில் ஒன்று நின்றது. இரண்டே சொல்தான். வார்டில் நல்ல காதுக்குப் பக்கத்தில் குனிந்தபோதும் நின்றது. உன் மனைவி கேட்டபோதும் நின்றது. விழுங்கிவிட்டேன்.

"நல்லாக் கேக்குது, மச்சான்."