முப்பத்தோராம் எண்

ஜூலை 3, திங்கள்

முதலாண்டுப் புது மாணவர்களுக்கு இங்கிலீஷ் பேச்சுப் பயிற்சி முதல் வகுப்பு. முப்பது பேர். வழக்கம்போலக் கைப்பையிலிருந்து தாடையை எடுத்து மேசைமேல் வைத்தேன். என் வீட்டுக்காரர் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறார்; எனக்காக அவர் வார்த்துக் கொடுத்த தாடை அது. சிவப்பு ரப்பரில் ஒரு நாக்கும் உண்டு. அதை இரண்டு பல் வரிசைக்கும் நடுவே நீட்டிக் காட்டி, 'th' ஒலிக்கு "இங்க வெச்சு ஊதணும்" என்றேன். முப்பது பேரும் என்னைப் பார்த்து நாக்கை நீட்டினார்கள். பெற்றவர்கள் செய்யாதே என்று சொல்லி வளர்த்ததை நான் பத்தொன்பது வருடமாக முதல் நாளே செய்ய வைக்கிறேன்.

மதியத்துக்குள் பெயர் வைத்துவிட்டார்கள். பல்லு மிஸ். போன வருடமும் இதே பெயர்தான்.

சட்டங்களைச் சொன்னேன். மனப்பாடம் செய்து ஒப்பிக்கக் கூடாது. ஒருவர் பேசினால் மற்றவர்கள் கேட்டுவிட்டுத் தாளை நிரப்ப வேண்டும்: நன்றாக இருந்தவை இரண்டு, திருத்த வேண்டியது ஒன்று. சிரிக்கக் கூடாது. பதிவேட்டு எண்ணைக் கூப்பிட்டால் வாயைத் திறந்து இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் பேனாவில் வருகை. கையைத் தூக்கினாலோ தலையை ஆட்டினாலோ பென்சிலில்தான். பென்சில் கணக்கில் சேராது. கடைசிச் சட்டம், வகுப்பில் தமிழ் கூடாது. எல்லாவற்றையும் தமிழில்தான் சொன்னேன், புரிய வேண்டுமே.

பதினேழாம் எண்ணைக் கூப்பிட்டேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் தலையை ஆட்டினாள். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி ஆட்டினாள். பென்சிலில் போட்டு, பக்கத்தில் 'தலையாட்டி' என்று குறித்துக்கொண்டேன். பெயர் வைப்பதில் நானும் ஒன்றும் உயர்த்தி இல்லை.

ஜூலை 6, வியாழன்

பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். "ஒண்ணும் பெரிய விஷயமில்ல மேடம்" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்த எதுவும் இதுவரை சின்ன விஷயமாக இருந்ததில்லை.

இங்கிலீஷ் கற்பிக்கும் எல்லோருக்கும் 28-ஆம் தேதி பேச்சுத் தேர்வு. வெளியிலிருந்து மூன்று பேர் வருவார்கள். தலைப்பு அங்கேயே தருவார்கள், பத்து நிமிடம் பேச வேண்டும். பத்துக்கு ஏழு வாங்கினால் வகுப்பு. வாங்காவிட்டால் வினாத்தாள் பிரிவு. அது அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. தாள்களை எண்ணி, கட்டி, அரக்கு வைக்க வேண்டும்.

"உங்களுக்கென்ன மேடம், பத்தொன்பது வருஷ அனுபவம்" என்றார்.

அனுபவம்தான். இலக்கணம் கேள், தூக்கத்தில் சொல்வேன். எழுதச் சொல், பக்கம் பக்கமாக எழுதுவேன். பேசுவது? வகுப்பில் நான் பேசும் இங்கிலீஷ் மொத்தம் ஒரு நூறு வாக்கியம் இருக்கும். உட்காருங்கள். பக்கத்தைத் திருப்புங்கள். மறுபடி சொல்லுங்கள். நாக்கை இன்னும் நீட்டுங்கள். பத்தொன்பது வருடமாக அதே நூறு. அதைத் தாண்டி ஒரு வாக்கியம் வேண்டுமென்றால் எனக்கு வியர்க்கிறது. இது யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரருக்குக்கூட.

ஜூலை 9, ஞாயிறு

பன்னிரண்டு தலைப்புகளுக்குக் கட்டுரை எழுதிவிட்டேன். மனப்பாடம் செய்யப் போகிறேன். ஊருக்குத்தானே உபதேசம்.

ஜூலை 12, புதன்

வீட்டுக்காரரிடம் முதல் கட்டுரையை ஒப்பித்தேன். 'எனக்குப் பிடித்த இடம்.' ஓர் ஏரி. அதில் அன்னப்பறவைகள். மாலை வெயில். அவருக்கு இங்கிலீஷ் ஓரளவு புரியும். கையில் வைத்திருந்த மேல்வரிசைப் பல்லைத் தேய்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"இந்த ஏரிக்கு நீ எப்ப போன?"

"போகல."

"அன்னப்பறவை பாத்திருக்கியா?"

"படத்துல."

கொஞ்ச நேரம் தேய்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அடுத்தவங்க பல்லை மாட்டிக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு."

பல் கட்டுகிறவருக்கு உச்சரிப்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மனப்பாடம் ஏறாத எரிச்சலைக் காலையில் வகுப்பில் வேறு காட்டியிருந்தேன். தலையாட்டியை எழுப்பி நிற்க வைத்து, "வாயைத் தொறந்தாத்தாம்மா மொழி வரும். தப்பாப் பேசினா யாரு கடிச்சிடப் போறாங்க? எதுக்குப் பயம்?" என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். எந்தக் கேள்விக்கு ஆட்டினாள் என்று தெரியவில்லை.

ஜூலை 15, சனி

விடுமுறை நாள். மொழி ஆய்வகத்தில் யாரும் இல்லை. முப்பது கணினி, முப்பது ஹெட்போன், ஆசிரியர் மேசையில் புதிதாக வாங்கிய பதிவுக் கருவி. ஆய்வக உதவியாளர் போன மாதமே அதை இயக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு ஏரிக் கட்டுரையைப் பேசினேன். பதினொரு முறை.

முதல் ஆறு முறையும் இரண்டாவது அன்னப்பறவையிடம் வந்ததும் நின்றுபோனது. நாக்கைத் திட்டினேன். என்னைத் திட்டினேன். "இந்தப் பிள்ளைங்க முன்னாடி தினமும் மகாராணி மாதிரி நிக்கறியே, உனக்கே பேச வராதுன்னு தெரிஞ்சா ஒருத்தர் மதிப்பாங்களா" என்று வாய்விட்டே கேட்டேன். அழுகை வந்துவிட்டது. ஏழாவது முறை கட்டுரையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ஏரியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வாய்க்கு வந்ததை இங்கிலீஷில் உளறினேன். வீட்டுக்காரரின் பல் கூடத்தைப் பற்றி. அலமாரி முழுக்க அடுக்கியிருக்கும் யார் யாருடையதோ தாடைகள், அவர் ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பது, ஒரு கிழவர் புதுப் பல்லோடு சிரித்துப் பார்க்கக் கண்ணாடி கேட்டது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எட்டாவது முறை ஒழுங்காக ஏரிக்குத் திரும்பினேன்.

கடைசியில் நீலப் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் அழித்தேன். அப்பாடா.

ஜூலை 17, திங்கள்

தேர்வு பற்றிய கூட்டத்தால் வகுப்புக்கு முக்கால் மணி நேரம் தாமதம். நல்லவேளை, வெள்ளிக்கிழமையே ஆய்வகப் பலகையில் எழுதிவிட்டு வந்திருந்தேன்: வந்ததும் ஹெட்போனை மாட்டுங்கள், இந்த வாரப் பயிற்சியைக் கேளுங்கள், தாளை நிரப்புங்கள்.

உள்ளே போனால் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. முப்பது தலைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தன. முன் வரிசையில் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், கண் வலிபோலும். இப்படி ஓர் ஒழுங்கை நான் பார்த்ததே இல்லை. பெருமை தாங்கவில்லை. நேரே பிரிவுத் தலைவரிடம் போய், என் பயிற்சிமுறையை மற்ற வகுப்புகளிலும் கொண்டுவரலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தாள்கள் கைப்பையில். நாளை பார்க்க வேண்டும்.

ஜூலை 18, செவ்வாய்

பேருந்தில் உட்கார்ந்து தாள்களைத் திருத்தத் தொடங்கினேன். எல்லோரும் இங்கிலீஷில்தான் எழுதியிருந்தார்கள்.

முதல் தாள்: 'பேசுபவருக்கு நிறையச் சொற்கள் தெரியும். ஏரி அழகு. திருத்த வேண்டியது: பயம்.' நான் கொடுத்த பயிற்சி ரயில் நிலைய அறிவிப்பு. அதில் ஏரி எங்கிருந்து வந்தது?

இரண்டாம் தாள்: 'பேசுபவர் விடாமுயற்சி உள்ளவர். குரல் இனிமை. திருத்த வேண்டியது: தன் நாக்கைச் சனியனே என்று அழைக்கக் கூடாது.'

மூன்றாம் தாளுக்குப் போகவில்லை. இறங்க வேண்டிய இடத்திலும் இறங்கவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி நடந்தேன்.

ஆய்வக உதவியாளரிடம் ஓடினேன். "நீலம் அனுப்பறதுக்கு மேடம். எல்லா மெஷினுக்கும் போயிடும். அழிக்கறது கறுப்பு. அன்னிக்கே சொன்னேனே" என்றார். "நீங்க தலையாட்டினீங்க."

ஜூலை 19, புதன்

காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு. பொய். உடம்பு கல் மாதிரி இருக்கிறது.

எப்படிப் போய் நிற்பேன் அவர்கள் முன்னால்? அழுததைக் கேட்டார்கள். மகாராணி என்றதைக் கேட்டார்கள். முழுப் பூசணிக்காயைப் பத்தொன்பது வருடம் சோற்றில் மறைத்திருக்கிறேன், ஒரு பொத்தான் போதுமாக இருந்தது. தேர்வே வேண்டாம், அடித்தளத்துக்கே போய்விடலாம். அரக்கு வைக்க இங்கிலீஷ் தேவையில்லை. அசிங்கமா இருக்கு. ரொம்ப அசிங்கமா இருக்கு.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பேச வராது என்பதையும் சேர்த்து.

"பசங்க சிரிச்சாங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"சிரிக்கக் கூடாதுன்னு நான்தான் சட்டம் போட்டிருக்கேன்."

"அப்ப நல்ல சட்டம்தான் போட்டிருக்க. மீதித் தாளையும் படி."

படித்தேன். பதினெட்டுப் பேர் ஏழாவது முறைதான் நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் கண்ணாடி கேட்ட கிழவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தான். பதினேழாம் எண்ணின் தாள் கடைசியில் இருந்தது. கையெழுத்து மணி மணியாக இருந்தது.

'நன்று 1: ஏழாவது முறை. நன்று 2: அந்தப் பல் கூடத்துக்குள் நானும் நின்றேன். திருத்த வேண்டியது: எட்டாவது முறை ஏன் ஏரிக்குத் திரும்பிப் போனார்?'

ஓர் இலக்கணப் பிழைகூட இல்லை.

ஜூலை 20, வியாழன்

போனேன். வாசலில் இரண்டு முறை திரும்பி நடந்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

"அந்தக் குரல் என்னுடையது" என்று இங்கிலீஷில் சொன்னேன். என்னுடைய நூறு வாக்கியங்களில் அது இல்லை. பின் வரிசையிலிருந்து ஒருவன், "தெரியும் மிஸ்" என்றான். இன்னொருவன், "அந்த ஏரியில முதலை இருக்கா மிஸ்?" என்று தமிழில் கேட்டான். வகுப்பே சிரித்தது. ஒரே நிமிடத்தில் என் இரண்டு சட்டங்கள் போயின. நானும் சிரித்துவிட்டேன்.

28-ஆம் தேதி வரை தினமும் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் நான் பேசுவது, அவர்கள் தலைப்புத் தருவது, தாளை நிரப்புவது என்று ஒப்பந்தம். இன்றைய தலைப்பு: பேருந்து. அறுபது நொடியில் சொற்கள் தீர்ந்துவிட்டன. முப்பது தாள்கள். கருணை என்பதே இல்லை.

ஜூலை 25, செவ்வாய்

தலைப்பு: கோபம். நாலு நிமிடம் பேசினேன். பதினேழாம் எண் எழுதியது: 'இன்று ஏரி வரவில்லை.' அவள் இன்றும் தலையைத்தான் ஆட்டினாள். பென்சிலில்தான் போட்டேன், சட்டம் சட்டம்தான்.

ஜூலை 28, வெள்ளி

மூன்று பேர், ஒரு மேசை, ஒரு கடிகாரம். தாளை விரித்தேன். 'எனக்குப் பிடித்த இடம்.'

பன்னிரண்டில் முதலாவது. அதிர்ஷ்டம் வீடு தேடி வந்து கதவைத் தட்டுகிறது. வாயைத் திறந்தேன், அன்னப்பறவைகள் தாமாகவே நீந்தி வந்தன. இரண்டாவது பறவையையும் தாண்டிவிட்டேன். அப்போதுதான் அந்த மணி மணியான கையெழுத்து நினைவுக்கு வந்தது. எட்டாவது முறை ஏன் திரும்பிப் போனார்?

நிறுத்தினேன். "மன்னிக்க வேண்டும், இந்த ஏரிக்கு நான் போனதே இல்லை" என்றேன். பிறகு பல் கூடத்துக்குப் போனேன். நடுவில் தடுமாறினேன். காலம் மாறிப் போட்ட வினைச்சொல் மட்டும் நான் எண்ணியவரை நாலு. ஒருவர் சிரித்தார், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், மூன்றாமவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

கையில் வந்த வெண்ணெயை வழித்தெறிந்துவிட்டு வந்திருக்கிறேனோ? வீட்டுக்காரர், "உன் சொந்தப் பல்லால கடிச்சுப் பாத்துட்ட, விடு" என்றார்.

ஆகஸ்ட் 9, புதன்

பத்துக்கு ஆறரை.

அழவில்லை. அடித்தளத்துக்கு என்னென்ன எடுத்துப் போகலாம் என்று பிரிவுத் தலைவரின் எதிரே நின்றபடியே யோசித்தேன். தாடையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தபோது அவர் சுற்றறிக்கையின் மறுபக்கத்தைத் திருப்பினார்.

"ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல வந்தவங்க வகுப்பு எடுக்கலாம் மேடம். ஜனவரியில மறுதேர்வு. அதுவரைக்கும் முதலாண்டுப் பேச்சுப் பயிற்சி வகுப்புல மாணவரா உக்காரணும். எண்பது சதவீதம் வருகை வேணும்."

"அந்த வகுப்பை யாரு எடுக்கறாங்க?"

கால அட்டவணையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"விதின்னா விதிதான் மேடம்" என்றார்.

ஆகஸ்ட் 10, வியாழன்

காலையில் பதிவேட்டில் முப்பதாம் எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, முப்பத்தொன்று என்று எழுதி, என் பெயரை எழுதினேன். விஷயத்தை வகுப்பிடம் சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, சட்டம் இல்லாமலே.

எண்களைக் கூப்பிட்டேன். பதினேழு தலையை ஆட்டியது, பென்சிலில் போட்டேன். முப்பது முடிந்தது. "முப்பத்தொன்று" என்று நானே கூப்பிட்டேன்.

பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான். ஒரே ஒரு சொல். பத்தொன்பது வருடமாக எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிய சொல். ஆறரை என்ற எண்ணும், ஜன்னல் இல்லாத அறையும், இந்த முப்பது முகங்களும் ஒன்றாகச் சேர்ந்து வந்து நின்றன. தலையை மட்டும் ஆட்டினேன்.

"வந்திருக்காங்க மிஸ்" என்று இங்கிலீஷில் ஒரு குரல் கேட்டது. மூன்றாவது வரிசை. கொஞ்சம் கரகரப்பான, நினைத்ததைவிடக் கனமான குரல். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. "நானும்தான்" என்று சேர்த்துக்கொண்டாள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல பிள்ளைகள்.

பதினேழாம் எண்ணுக்குப் போட்ட பென்சில் குறியை அழித்துவிட்டுப் பேனாவில் போட்டேன். முப்பத்தொன்றுக்குப் பென்சிலில்.