தொட்டுப் பார் என்றேன்

ஜார்ஜ் டவுன்,
பினாங்கு.

அன்புள்ள அக்னஸ் அக்காவுக்கு,

பெர்த்தில் குளிர் குறைந்ததா? முட்டி வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

நாம் சேர்ந்து தொடங்கிய பாலர் பள்ளி நடக்கிறது. நீங்கள் மகனோடு போன பிறகும் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவதை நான் நிறுத்தவில்லை. புத்தகத்தில் படம் பார்ப்பதற்கு முன்னால் மண்ணையும் மரத்தையும் அவர்களே தொட்டு அறியட்டும் என்பீர்களே, அதைத்தான் ஒவ்வொரு பெற்றோரிடமும் பெருமையாகச் சொல்லி வந்தேன்.

போன மாதம் தஞ்சோங் பூங்கா கடற்கரைக்குப் போனோம். மணலில் ஒரு ஜெல்லி மீன் ஒதுங்கிக் கிடந்தது. ஐந்து வயது சுஹானா என் முகத்தைப் பார்த்தாள். “செத்துப் போச்சு லா, தொட்டுப் பாரு” என்றேன். செத்தாலும் அது கொட்டும் என்று எனக்குத் தெரியாது. அலறிவிட்டாள். கை சிவந்து தடித்துப் போனது.

கிளினிக்குக்கு ஓடி வந்த அவள் அம்மா நூருல் ஹுதா என்ன நடந்தது என்று கேட்டார். பள்ளியை மூட வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், தொடாதே என்று சொல்லியும் கேட்காமல் தொட்டுவிட்டாள் என்று சொல்லிவிட்டேன் அக்கா. குழந்தை மறுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு அம்மாவிடம் திட்டு வாங்கினாள்.

கை ஆறிவிட்டது. ஆனால் பள்ளிக்குத் திரும்பியவள் எதையும் தொடுவதில்லை. செம்பருத்திப் பூவை நீட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “நான் சொன்ன பேச்சு கேப்பேன் டீச்சர்” என்றாள்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். நூருல் ஹுதா கத்தியிருந்தால் தேவலை. “என்கிட்ட ஏன் டீச்சர் சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க” என்று மகளைக் கூப்பிட்டார். தரையில் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். தொடச் சொன்னது நான், பொய் சொன்னதும் நான், நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்றேன்.

“கொட்டும்னு டீச்சருக்குத் தெரியாதா?” என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

இனி அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். இன்று காலை வந்தாள். கைகள் இன்னும் பின்னால்தான் இருக்கின்றன.

அக்கா, உங்கள் ஜெபத்தில் எனக்காக ஒன்றும் கேட்க வேண்டாம். அந்தப் பிள்ளை மறுபடியும் ஏதாவது ஒன்றை ஆசையாகத் தொட வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசும்,
அனுஜா