மூன்றாவது முடிச்சு

அன்புள்ள அண்ணி,

நேற்று நோபல் பார்க் முதியோர் இல்லத்தில் உங்கள் தம்பி, நான், தமிழ் நர்ஸ் தாரிணி, ஓய்வூதிய அதிகாரி ஆகிய நால்வர் இருந்தோம். உங்கள் தம்பியின் ராணுவ ஓய்வூதியத்தில் பாதியை மனைவிக்குப் பிரித்துக் கொடுக்க விசாரிக்க வந்தார் அதிகாரி.

"அங்கிள், இவங்க யாரு?" என்று தாரிணி என்னைக் காட்டினாள்.

"தினம் திருநீறு பூசிவிடுற அம்மா. நல்லவங்க."

மறதி நோயில் என்னையே மறந்துவிட்டார், அண்ணி. அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். கோயிலில் நடந்த எங்கள் கல்யாணத்தை நாங்கள் பதியவே இல்லை. முழுப் பணமும் இல்லத்துக்கே போனால் மாதம் 1,480 டாலர் வாடகைக்கு எனக்கு வழியில்லை.

என்னோடு பேச வேண்டாம், அண்ணி. ஆனால் மூன்றாவது முடிச்சைப் போட்டது நீங்கள்தான். அதை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி