மூன்றாவது வரிசையில் நின்ற பிள்ளை

12.1.2025, ஞாயிறு

இன்று ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கும்போது போதகர் ஐயர் ஜெபிஷா பெயரைச் சொன்னார். பிப்ரவரி எட்டாம் தேதி மதுரையில் நடக்கிற 'பதினாயிரம் குரல் இசைப் பெருவிழா'வில் பாட நம் சபையிலிருந்து பதினெட்டுப் பேர். அதில் முதல் பெயர் என் பேத்தி பெயர். எழுத்து வரிசைப்படி வாசித்திருந்தால் முதலில் வர வேறு பிள்ளை இருக்கிறது. ஆகவே இது குரல் வரிசைதான்.

என் வீட்டுக்காரர் தேவதாசன் பகலில் விசைத்தறியில் நின்றுகொண்டே முப்பத்தொரு வருஷம் இந்தக் கோயிலில் கோயில்குட்டி வேலை பார்த்தவர்கள். மணி அடித்து, பாய் உதறி, பெஞ்சு துடைத்தவர்கள். ஒரு ஐயராவது அவர்கள் பெயரை மைக்கில் சொன்னதுண்டா? 'கோயில்குட்டி, ஃபேனைப் போடும்.' அவ்வளவுதான். இன்று அந்த மைக்கிலேயே 'தேவதாசன் பேத்தி ஜெபிஷா'.

ஆராதனை முடிந்து செருப்பு தேடுகிற சாக்கில் வாசலில் பத்து நிமிஷம் நின்றேன். ஒன்பது பேர் வந்து கைகொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கட்டிலில் சாய்ந்திருந்தபடியே சிரித்தார்கள். சிரித்த பிறகு மூச்சு வாங்கியது.

15.1.2025, புதன்

எதிர்வீட்டு ராஜேஸ்வரி சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். கையில் வாங்கிக்கொண்டே விழாவைப் பற்றிச் சொன்னேன். முடிக்கிறபோது பொங்கல் ஆறியிருந்தது.

19.1.2025, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு எதிரே பெரிய ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். 'பரலோகம் பூமிக்கு இறங்கும் நாள்' என்று போட்டிருக்கிறது. ஆட்டோவில் மைக் கட்டிக் கரிவலம்வந்தநல்லூர் வரைக்கும் கத்திக்கொண்டு போகிறார்கள். கொயர் நடத்துகிற தங்கசாமி மாஸ்டர் போனில் ஒரு வீடியோ காட்டினார். நாலு பக்கமும் திரை, வானத்தில் கேமரா, நம் வீடுபோல நூறு வீடு உட்காரும் மேடை. உலகம் பூராவும் நேரலையாம்.

ஜெபிஷாவுக்கு விழா உடுப்பு வெள்ளைச் சேலை, ஊதாக் கரை. தேய்த்ததையே இரண்டாம் முறை தேய்த்து வைத்தேன். மருமகள் பொன்செல்வி பார்த்துவிட்டு, "துணி இத்துப்போவும் அத்தை" என்றாள். போகட்டும்.

24.1.2025, வெள்ளி

அவர்களைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தறிப் பஞ்சு நெஞ்சில் கட்டிக்கொண்டதாம். எத்தனை நாள் என்று கேட்டேன். "வீட்ல வச்சுப் பாத்துக்கிடுங்க" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. பதில்தான்.

திருப்பூரில் இருக்கிற மகன் ஜெர்சோனுக்குச் சொல்லியாயிற்று.

29.1.2025, புதன்

ஜெபிஷா கல்லூரியிலிருந்து வந்ததும் தாத்தா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விழாப் பாட்டைப் பாடிப் பழகுகிறாள். அவள் பாடும்போது அவர்களுக்கு மூச்சு கொஞ்சம் சீராகிறது. இது என் பிரமை இல்லை. பொன்செல்வியும் சொன்னாள்.

2.2.2025, ஞாயிறு

இன்று வீட்டில் சண்டை. நான்தான் ஜெயித்தேன்.

ஜெபிஷா போகமாட்டேன் என்றாள். "தாத்தா இப்படிக் கிடக்கையில நான் எப்படி ஆச்சி போவேன்?" என்று கேட்டாள். பொன்செல்வி அவள் பக்கம். கட்டிலிலிருந்து அவர்கள் சொன்னார்கள்: "அவ இங்கன இருந்து பாடட்டும் மார்த்தா. எனக்கு அது போதும்."

அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? நம் ஜனத்தில் ஒருவர் போகப்போகிறார் என்றால் கட்டிலைச் சுற்றி நின்று பாடி அனுப்புவதுதான் வழக்கம். கோயில்குட்டியாக இருந்தபோது எத்தனை வீட்டுக்கு இவர்கள் ராப்பகல் பாராமல் போய்ப் பாடியிருக்கிறார்கள். தன் நேரத்தில் பேத்தி குரல் வேண்டும் என்று கேட்கிறார்கள்.

ஆனால் டாக்டர் நாள் குறிக்கவில்லையே. மாசக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடப்பவர்கள் இல்லையா? ஒரு நாள். காலையில் போனால் மறுநாள் விடியுமுன் வந்துவிடுவாள். கோயில்குட்டி பேத்தி பாடுவதை உலகமே பார்க்கப்போகிறது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுக்களையில் தட்டு கழுவவா? "நீங்களும் போன்ல பாப்பிய. கட்டில்ல கிடந்தே மதுரைக்குப் போயிட்டு வாரது மாதிரி" என்றேன். அவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்கள்.

பிறகு, "போய்ட்டு வா மக்கா" என்றார்கள் அவளிடம். எனக்காகச் சொன்னது.

7.2.2025, வெள்ளி

நாளை காலை நாலரைக்குப் பஸ். சாயங்காலம் அவர்கள் ஒரே ஒரு பாட்டு கேட்டார்கள். ஜெபிஷா வாயெடுத்தாள். நான் தடுத்தேன். மாஸ்டர் இன்றைக்குத் தொண்டையை அலட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். போய்விட்டு வந்து பாடு என்றேன்.

8.2.2025, சனி, மதியம்

போன் முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டேன். ஆறு மணிக்கு நேரலை. அவர்கள் காலையிலிருந்து கஞ்சி இறக்கவில்லை. கால் சில்லென்று இருக்கிறது. ஜெபிஷாவுக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாக வருகிறது. பாட்டுப் பழகுகிற நேரமாக இருக்கும்.

12.2.2025, புதன்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் இன்று காலையில்தான் போனார்கள். எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்குப் போனைச் செம்பில் சாய்த்து அவர்கள் முகத்துக்கு நேரே வைத்தேன். 'சற்று நேரத்தில்' என்றே முக்கால் மணி நேரம் ஓடியது. அப்புறம் ஒருவர் பேசினார். இன்னொருவருக்குச் சால்வை போட்டார்கள். அவரும் பேசினார். பாட்டு தொடங்கியபோது வெளிச்சம்தான் பெரிதாக இருந்தது. பதினாயிரம் குரல் என்றார்களே, எனக்கு ஒரு ஆள் பாடி மற்றவர்கள் கையை ஆட்டுகிற மாதிரித்தான் பட்டது. இதற்கா இத்தனை ஃப்ளெக்ஸ் என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே அதை விரட்டினேன்.

ஏழு மணிவாக்கில் அவர்களுக்கு மூச்சு தொண்டைக்கு ஏறிவிட்டது. பொன்செல்வி சொன்னாள்: "போனை அணைங்க அத்தை. நாம ரெண்டு பேரும் பாடுவோம்."

"பொறு, அடுத்தது நம்ம பிள்ளைதான்" என்றேன்.

அவர்கள் கண்ணைத் திறந்தார்கள். "எங்க?" என்றார்கள்.

திரையில் வெள்ளைச் சேலைப் பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்றார்கள். தேடினேன். எல்லாம் ஒரே மாதிரி முகம். ஜெபிஷா இல்லை. படம் மாறிவிடுமோ என்ற பதற்றத்தில் மூன்றாவது வரிசையில் நின்ற ஒரு பிள்ளை மேல் விரலை வைத்து, "இந்தா நிக்காள்லா" என்றேன். யார் பெற்ற பிள்ளையோ.

"கண்ணாடி போடலியோ?"

ஜெபிஷாவுக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. "லைட்டுக்கு மின்னும்னு கழத்தச் சொல்லிருப்பாவ" என்றேன். இதுவும் எங்கிருந்துதான் வாயில் வந்ததோ.

"ம்" என்றார்கள். நம்பிய 'ம்'மா, என்னை விட்டுக்கொடுக்காத 'ம்'மா?

அந்த நேரம் பார்த்து விளம்பரம் வந்தது. சோப்பு விளம்பரம். ஒருத்தி துவைத்த சட்டையை முகர்ந்து பார்த்துச் சிரிக்கிறாள். அதைத் தள்ளிவிட எங்கே தொடவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. போனைத் தட்டு தட்டு என்று தட்டிக்கொண்டிருந்தேன். பொன்செல்வி "மாமா" என்று அலறினாள். நான் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. பாட்டும் இல்லை, ஜெபமும் இல்லை. சோப்புக்காரி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

விழா வாசலிலேயே பிள்ளைகளிடமிருந்து போனையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். திரும்புகிற பஸ்ஸில் ஏறின பிறகுதான் ஜெபிஷாவுக்குச் சேதி தெரிந்தது. விடியுமுன் அதே வெள்ளைச் சேலையோடு வந்து நின்றாள். முதலில் கேட்டது இதுதான்: "தாத்தா என்னையப் பாத்தாவளா ஆச்சி?"

"கண்ணாரப் பாத்தாவ மக்கா" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தாத்தா கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

ஐயர் கடைசி நேரத்தைப் பற்றி விசாரித்தார். அவரிடமும் அதையே சொன்னேன். கல்லறையில் அதையே பிரசங்கம் பண்ணினார். பேத்தி பாடுவதைக் கண்டுகொண்டே கண்மூடிய பாக்கியவான் என்றார். கொயர்ப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவ்வளவு துக்கம்.

9.3.2025, ஞாயிறு

இன்று முப்பதாம் நாள் ஜெபம். ஜெர்சோன் கார்டு அடித்துக் கொண்டுவந்திருந்தான். அவர்கள் படத்துக்குக் கீழே, 'பேத்தியின் பாடலைக் கண்டும் கேட்டும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. நான் சொல்லித்தான் போட்டான். என் கையாலேயே எல்லாருக்கும் கொடுத்தேன்.

தங்கசாமி மாஸ்டர் வாங்கி வாசித்தார். பந்தியில் உட்காராமல் பின்வாசல் பக்கம் வந்து நின்றார்.

"அம்மா, ஜெபிஷா ஒண்ணும் சொல்லலியா?"

"என்ன சொல்ல?"

பிறகு அவர் சொன்னார். கூப்பிட்ட கொயர்களுக்கு மேடையில் இடமில்லையாம். பதினோரு மணியிலிருந்து நம் பிள்ளைகளை ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கிடையாது. இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். பெரிய பாடகர் தாமதமாக வந்ததால் நேரம் போய்விட்டது என்று கடைசியில் அப்படியே அனுப்பிவிட்டார்கள். திரையில் நின்றது வேறு ஊரிலிருந்து கையாட்டப் பழக்கிக் கொண்டுவந்த பிள்ளைகள். பாட்டும் முன்னமே பதிவு பண்ணின பாட்டு.

"நம்ம பதினெட்டுப் பேரும் மேடையக் கண்ணால பாக்கல அம்மா. ஒரு வரி பாடல."

அவர் கையில் கார்டு இருந்தது. மடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் பிடித்திருந்தார்.

மேடையே ஏறாத பிள்ளை, தாத்தா என்னைப் பார்த்தார்களா என்று ஏன் கேட்டாள்? காத்திருந்து ஏமாந்து போனார்களோ என்று தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறாள். நான் கண்ணாரப் பார்த்தார்கள் என்றேன். அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது அவளுக்கு. கல்லறையில் தலையைக் குனிந்த அத்தனை பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்திதான் தலை நிமிர்ந்து நின்றிருக்கிறேன்.

10.3.2025, திங்கள்

ஜெபிஷாவிடம் சொன்னேன். மூன்றாவது வரிசை, கண்ணாடி, எல்லாவற்றையும்.

"தெரியும் ஆச்சி."

"பொறவு ஏம்ட்டி சொல்லல?"

"நீங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சிய. என்னத்தச் சொல்ல?"

பிறகு அவளே கேட்டாள். "தாத்தா போவையில யாரு பாடுனா?"

"யாரும் பாடல."

"அப்ப என்ன சத்தம் கேட்டுச்சு?"

பொய் சொல்ல ஒரு வினாடி வாய் வந்தது. உங்கம்மா பாடினாள் என்று சொல்லியிருக்கலாம். அவளும் காட்டிக்கொடுக்கமாட்டாள். "சோப்பு விளம்பரம்" என்றேன்.

அவள் அழவில்லை. "வெள்ளிக்கிழமை கேட்டாவல்லா, அந்த ஒரு பாட்டப் பாடிருப்பேன்" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

23.3.2025, ஞாயிறு

ஜெபிஷா கொயர் பெஞ்சில் உட்காரவில்லை. அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டு வந்ததும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். வாய் அசையவில்லை.

3.4.2025, வியாழன்

விழா அத்தனை நன்றாக இருந்ததாமே, அடுத்த தடவை எங்களையும் கூட்டிப் போங்களேன் என்று ராஜேஸ்வரி கேட்டாள். நன்றாக இல்லை என்றேன். அவள் சிரித்தாள், ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று. நின்று முழுசையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. போய் அவள் வீட்டு வாசலைப் பெருக்க ஆரம்பித்தாள்.

மிச்சமிருந்த கார்டுகளை வெந்நீர் அடுப்பில் போட்டேன். கொடுத்தது கொடுத்ததுதான். எத்தனை வீட்டில் சுவரில் செருகி வைத்திருக்கிறார்களோ.

4.5.2025, ஞாயிறு

அடுத்த வருஷ விழாவுக்கு இன்றே அறிவிப்பு. இந்தத் தடவை இருபதாயிரம் குரலாம். போன விழா மகத்தான வெற்றி என்று ஐயர் வாசித்தார்.

சபையில் யாரும் எழுந்து தன் அனுபவத்தைச் சொல்லலாம் என்கிற சாட்சி நேரத்தில் எழுந்தேன். அறுபத்தொன்பது வயதில் முதல் தடவை அந்த மைக்கைப் பிடிக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் எதையும் பார்க்கவில்லை, எங்கள் பிள்ளைகள் ஒரு வரி பாடவில்லை, கார்டில் இருப்பது நான் சொன்ன பொய் என்றேன். இனி அடுத்தவர் பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள் என்று தொடங்கினேன். ஐயர் ஸ்தோத்திரம் சொல்லிப் பாட்டு நம்பரை அறிவித்துவிட்டார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். மைக்கை வைத்துவிட்டு வந்தேன்.

வெளியே யாரும் என்னிடம் பேசவில்லை. ஜெபிஷா முன்னால் நடந்து போய்விட்டாள். தெரு முனையில் நிற்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

15.6.2025, ஞாயிறு

வடக்குத் தெருவில் பீடி சுற்றுகிற கிழவி ஒருத்தி நாலு நாளாக இழுத்துக்கொண்டு கிடந்தாள். பேரன் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து, பாட ஆள் வேண்டும், ஜெபிஷா இருக்கிறாளா என்று கேட்டான். நான் உள்பக்கம் கையைக் காட்டினேன். அவளுக்காகச் சொல்ல எனக்கு என்ன பாத்தியதை?

உள்ளே இருந்து அவளே வந்தாள். வீட்டில் உடுத்தியிருந்த அதே உடுப்பு, தலைகூட வாரவில்லை. பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள்.

மூன்றரை மணி நேரம் ஆயிற்று. வந்ததும் அடுக்களை வாசலில் நின்று பொன்செல்வியிடம், "முடிஞ்சிட்டும்மா, நல்லபடியாப் போயிட்டாவ" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

தட்டு வைத்தேன். மார்ச் மாசத்துக்குப் பிறகு நான் போட்டு அவள் சாப்பிட்டதில்லை. இன்று உட்கார்ந்தாள். இரண்டாம் தடவை குழம்பு ஊற்றியபோது போதும் என்று கையை மறித்தாள்.

அங்கே என்ன பாட்டு பாடினாள் என்று கேட்க வாய்வரை வந்தது. குழம்புச் சட்டியை மூடி வைத்தேன்.